லைப்ரரியம்மாவின் பாம்புக்காது

அந்த மேல்நிலைப் பள்ளியில் லைப்ரரியம்மாவுக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயர் பாம்புக்காது. கடைசி மேசையில் உட்கார்ந்து ஒருத்தி இன்னொருத்தியிடம், "கணக்கு சார் சட்டையைப் பாரேன், ஜன்னல் திரை மாதிரி" என்று குசுகுசுத்தால் போதும். நாற்பது அடி தள்ளி இருக்கும் கவுண்டரிலிருந்து குரல் பறந்து வரும். "சார் சட்டையை அப்புறம் பாக்கலாம், முன்னாடி இருக்கிற புக்கைப் பாரு!"

ஐம்பத்து நாலு வயதில் இப்படி ஒரு காதா என்று ஆசிரியர்களே வாயைப் பிளந்தார்கள். பிளக்கட்டும். அந்தக் காது செத்துப்போய் ஆறு வருஷம் ஆகிறது என்பது அவருக்கும் அவர் கணவருக்கும் மட்டும்தான் தெரியும்.

வலது காது முழுசாகப் போய்விட்டது. இடது காதுக்குப் பக்கத்தில் யாராவது கதவை அறைந்து சாத்தினால் ஏதோ லேசாக அதிரும், அவ்வளவுதான். மெஷின் வைத்தாலும் இரைச்சல்தான் பெரிசாகும், பேச்சு தெளியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து லைப்ரரியம்மா உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார். புத்தகம் படிக்கிறவருக்கு உதடு படிக்க எத்தனை நாள் ஆகும்? ஒரு வருஷம் ஆயிற்று. அந்த வருஷத்தில்தான் அவர் கணவர் இருபது வருஷமாக வளர்த்த மீசையை மழித்துக்கொண்டு வந்து நின்றார். "இப்பப் புரியுதா நான் பேசறது?" என்று கேட்டார். புரிந்தது. அச்சகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் ஒரு மாதம் அவரை ஓட்டித் தள்ளினார்கள். மனிதர் யாரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை.

தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரியாததால் லைப்ரரியம்மா எப்போதும் கத்தித்தான் பேசினார். பள்ளிக்கூடம் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டது. பாதி கோபமும்தான். வாய்க்குள்ளேயே முனகுகிறவர்கள், கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறவர்கள், முதுகைக் காட்டிக்கொண்டு கேள்வி கேட்கிறவர்கள் என்று ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? கவுண்டரில் இருந்த டெலிபோன் ஆறு வருஷமாக ரிப்பேர். அவரேதான் வயரைப் பிடுங்கிவிட்டிருந்தார்.

வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆபீஸில் ஒரு டைப்பிஸ்ட் இருந்தார். அவருக்குப் பார்வை மங்கியதும், நாலே நாளில் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டார். உடைந்த பெஞ்சும் பழைய விடைத்தாள் கட்டும் கிடக்கும் அறை. ஜன்னல் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு மனித முகம் வராது. முகம்தானே லைப்ரரியம்மாவுக்குப் பேச்சு? முகமே இல்லாத அறையில் போட்டால் தான் பைத்தியமாகிவிடுவோம் என்று அவர் நிஜமாகவே நம்பினார். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம். எப்படியாவது ஓட்டிவிட வேண்டும்.

இந்த நிலைமையில்தான் வந்து சேர்ந்தது வாயசைப்பு வீடியோ.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கும் இந்தப் பள்ளிக்கும் எப்போதும் ஆகாது. கால்பந்து, கட்டுரை, மரம் நடுவது எல்லாவற்றிலும் போட்டி. போன வருஷம் அவர்கள் ஒரு வீடியோ எடுத்தார்கள். ஒரு பாட்டு ஓடும். கேமரா ஒரு இடத்திலும் நிற்காமல், வெட்டே இல்லாமல் பள்ளி முழுக்கச் சுற்றி வரும். அது போகிற இடமெல்லாம் பிள்ளைகள் அந்தப் பாட்டைத் தாங்களே பாடுவதுபோல வாயசைப்பார்கள். ஊரே பார்த்துவிட்டது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் அதைப் பேசினார்கள். இந்தப் பள்ளிக்கு மானமே போய்விட்டது.

அந்தப் பக்கத்துப் பள்ளி ஆபீஸில் கிளார்க்காக இருந்தவள் வேறு யாருமில்லை, லைப்ரரியம்மாவின் நாத்தனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து வெறுப்பேற்றுவாள்.

"எங்க லைப்ரரி மேடமே அதுல ஆடினாங்க அண்ணி. உங்க ஸ்கூல்ல யாருக்காவது உடம்புல ரத்தம் ஓடுதா?"

"ஓடுது, ஓடுது. உன்னைப் பாக்கறப்பதான் கொதிக்குது."

"பாத்தியா அண்ணா, உடனே கத்தறாங்க!"

அண்ணன்காரர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

இந்த வருஷம் பதிலடி கொடுத்தே தீருவது என்று பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கிளம்பினாள். எல்லோரும் அவளை டைரக்டர் என்றே கூப்பிட்டார்கள். கழுத்தில் விசில், கையில் அட்டை, காதில் பென்சில். புயல் மாதிரி வந்து கவுண்டர் முன்னால் நின்றாள்.

"மிஸ், கேமரா உங்க லைப்ரரி வழியாத்தான் போகுது. முப்பது பேர் மேசை மேல நிப்பாங்க."

"மேசை மேல யாரும் நிக்க மாட்டாங்க. மேசை புக் வைக்க."

"ஷூவைக் கழட்டிட்டு நிப்பாங்க மிஸ். அப்புறம் உங்களுக்கும் ஒரு சீன் இருக்கு. எல்லாரும் 'இன்னும் கொஞ்சம் சத்தமா'ன்னு பாடுவாங்க. பாட்டு அங்க ரெண்டு செகண்ட் நிக்கும். அப்ப நீங்க எழுந்து வாய்ல விரல் வெச்சு, 'உஷ்!' பாம்பு... இல்ல, நீங்க செஞ்சாத்தான் மிஸ் எல்லாரும் கைதட்டுவாங்க!"

"நான் மாட்டேன்."

"ஏன் மிஸ்?"

ஏன் என்று என்னத்தைச் சொல்வது? பாட்டு எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாதே என்றா? அதற்குள் தலைமையாசிரியையே சொல்லி அனுப்பிவிட்டார், லைப்ரரியம்மா கட்டாயம் இருக்க வேண்டும் என்று. பள்ளியிலேயே கூர்மையான காதுக்காரி பாட்டுக்கு வரமாட்டேன் என்றால் நாலு பேர் நாலு விதமாக யோசிப்பார்கள். லைப்ரரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார். வீட்டில் சொன்னதும் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உனக்கெதுக்கும்மா இந்த வம்பு?"

"நானா தேடிப் போனேன்? வம்புதாங்க பென்சிலைச் சொருகிக்கிட்டு வந்து நிக்குது."

ஒத்திகை இரண்டு வாரம் நடந்தது. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் லைப்ரரியம்மாவுக்கு இன்றைக்கும் ரத்தக் கொதிப்பு ஏறும். அகராதிக்குள் ஜிகினா. பத்திரிகை அடுக்கில் யாரோ கழற்றிப் போட்ட காலுறை. "அமைதி" என்று எழுதியிருந்த பலகையில் கலர் காகிதம் ஒட்டி, அதையும் அலங்காரத்தில் சேர்த்துவிட்டார்கள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவரால் தாங்கவே முடியாதது வேறொன்று.

ஒருத்தனும் ஒழுங்காக வாயசைக்கவில்லை.

மற்றவர்களுக்கு ஸ்பீக்கரில் பாட்டு அலறியது, அதனால் எல்லோரும் பாடுகிற மாதிரியே இருந்தது. லைப்ரரியம்மாவுக்கு உதடு மட்டும்தானே? மூன்றாவது மேசையில் ஒருவன் "என் ஷூ எங்கடா, என் ஷூ எங்கடா" என்று பாடினான். அவன் பக்கத்தில் ஒருவன் பசிக்குது என்றான், நாலு தடவை. ஜன்னலோரம் இரண்டு பெண்கள் முகத்தில் பரவசத்தை வைத்துக்கொண்டு வேதியியல் டெஸ்டில் எந்தப் பாடம் வரும் என்று பேசினார்கள். டைரக்டர் பெண்ணோ, "சூப்பர்! அப்படியே உயிரைக் குடுத்துப் பாடறீங்க!" என்று கையைத் தட்டினாள். உயிரையா கொடுக்கிறார்கள்? அடக் கஷ்டமே! லைப்ரரியம்மாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் குட்டு உடைந்துவிடும். விழுங்கிக்கொண்டார்.

முப்பது பேரில் உருப்படியாக வாயசைத்தவன் ஒருவன்தான். பதினொன்றாம் வகுப்பு, நெட்டையன், முன்மேசை. எழுத்து எழுத்தாக வாயைத் திறந்தான். லைப்ரரியம்மா அவனையே பிடித்துக்கொண்டார். அவன் "சத்தமா" என்று முடித்ததும் எழுந்து உஷ் என்றார். ஒத்திகை ஒவ்வொன்றிலும் மயிரிழை பிசகவில்லை. "மிஸ்ஸுக்கு என்னா டைமிங்!" என்று டைரக்டர் பெண் பூரித்துப்போனாள். அந்த உஷ்ஷையே சைகையாகவும் வைத்துவிட்டாள். உஷ் என்றதும் ஜன்னலில் நிற்கிறவன் பச்சைத் துணியை அசைப்பான். அதைப் பார்த்து மைதானத்தில் நானூறு காஸ் பலூனைப் பறக்கவிடுவார்கள். கேமரா படியிறங்கி மைதானத்துக்குப் போகும்போது பலூன் தலைக்கு மேல் எழும்பிக்கொண்டிருக்கும். 

படப்பிடிப்பு நாளும் வந்தது. நானூறு பலூனுக்கும் காலை ஐந்து மணியிலிருந்து உட்கார்ந்து நூல் கட்டியிருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் டைரக்டர் பெண், வெளிச்சம் முகத்தில் விழவில்லை என்று எல்லோரையும் ஜன்னல் பக்கம் திருப்பி நிற்க வைத்தாள். இருபத்தொன்பது முதுகு லைப்ரரியம்மாவைப் பார்த்தது. நல்லவேளை, நெட்டையன் மட்டும் கவுண்டரைப் பார்த்தபடியே இருந்தான். போதும், அவன் ஒருவன் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

கேமரா உள்ளே வந்தது. ஸ்பீக்கரின் அதிர்வு தரை வழியாகக் காலுக்கு ஏறியது. லைப்ரரியம்மா நெட்டையன் வாயைப் பார்த்தார்.

அவன் பாடவே இல்லை. பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

 பையன் பதற்றத்தில் வரியை மறந்துவிட்டு, முப்பத்திரண்டு எண்ணினால் கை தூக்க வேண்டும் என்று ஒத்திகையில் சொல்லிக் கொடுத்ததை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறான். அந்த எண்ணிக்கையை வைத்து இவர் எதைத் தெரிந்துகொள்வது? பாட்டு இப்போது எந்த வரியில் இருக்கிறது? முடிந்துவிட்டதா, முடியப் போகிறதா? கேமரா நகர்ந்து அவர் முகத்துக்கு நேராக வந்துவிட்டது. இனிப் பொறுத்தால் தாண்டிப் போய்விடும். கடவுளே என்று எழுந்து, விரலை வைத்து, நல்ல சத்தமாக "உஷ்!" என்றார்.

இரண்டு வரி முன்னாலேயே.

இருபத்தொன்பது பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஜன்னலில் இருந்தவன் கடமை தவறாதவன், துணியை அசைத்துவிட்டான். கேமரா படிக்குப் போவதற்குள் நானூறு பலூனும் பள்ளிக்கூடத்துக் கூரையைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, நேராக அந்தப் பக்கத்துப் பள்ளியை நோக்கிப் போயின.

டைரக்டர் பெண் அட்டையைத் தரையில் வீசினாள். கண் நிறையத் தண்ணீர்.

"வேணும்னேதானே செஞ்சீங்க மிஸ்? இத்தனை நாளா ஒரு தடவைகூடத் தப்பாத டைமிங் இன்னைக்கு மட்டும் எப்படித் தப்பும்? உங்க நாத்தனார் அந்த ஸ்கூல்லதானே இருக்காங்க!"

லைப்ரரியம்மா சுற்றிலும் பார்த்தார். எந்த உதட்டைப் பார்த்தாலும் அதே பேச்சு. நாத்தனார். அந்த ஸ்கூல். வேணும்னே. துரோகி என்றுகூட ஒரு வாய் சொன்னது. இருபத்திரண்டு வருஷம் இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவருக்கு இது தேவையா?  அதற்குள் தலைமையாசிரியை வந்துவிட்டார்.

"என்னதான் நடந்துச்சு? முன்மேசையில யாரு? நீ பாத்தியா தம்பி?"

நெட்டையன் பால் குடிக்காத பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். நான் கரெக்டாப் பாடிட்டிருந்தேன். மிஸ்தான் நடுவுல எழுந்துட்டாங்க."

அவ்வளவுதான். ஆறு வருஷமாகக் கட்டிக் காத்த வாய் கட்டவிழ்ந்தது.

"பாடினியா? நீயா பாடினே? எண்ணிட்டிருந்தேடா! இருபத்தொண்ணுல குழம்பிப் போய் மறுபடி பதினெட்டுலேருந்து ஆரம்பிச்சே! நீ ஒழுங்கா வாயசைச்சிருந்தா நான் எதுக்குடா தப்பு பண்றேன்? உன்னை நம்பித்தானே நின்னேன்!"

நெட்டையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆமா மேடம்" என்றான். "வரி மறந்துபோச்சு. எண்ணிட்டுத்தான் இருந்தேன். ஆனா மனசுக்குள்ளதான் எண்ணினேன், சத்தமே வரல."

டைரக்டர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஸ்பீக்கர் அந்த அலறு அலறிச்சே மிஸ். அதுல இவன் எண்ணினது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"கேக்கல! எனக்கு எதுவுமே கேக்கல! பாட்டும் கேக்கல, நீ கத்தறதும் கேக்கல, ஆறு வருஷமா ஒண்ணுமே கேக்கல! வாயைப் பாத்துத்தான் பிழைப்பு ஓட்டறேன்! போதுமா?"

ஒரு உதடும் அசையவில்லை. பள்ளி முழுக்க அவரைப் பார்த்தபடி வாயை மூடி நிற்பதை அன்றுதான் கண்டார்.  நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

தலைமையாசிரியை எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் இரக்கம் இல்லை. கோபம்தான் இருந்தது.

"அறுபது பிள்ளைங்க இருக்கிற ரூம் இது. தீ அலாரம் அடிச்சா உங்களுக்குக் கேக்குமா?"

லைப்ரரியம்மா பிள்ளைகள் உட்காரும் மேசைகளைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் தன் ஜன்னலைப் பற்றி நினைத்தார், தன் நாற்காலியைப் பற்றி நினைத்தார், இதை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. பிள்ளைகள் எழுந்து ஓடினால் தெரிந்துகொள்ளலாம் என்று எங்கோ ஒரு மூலையில் வைத்திருந்தாரோ என்னவோ. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கேக்காது" என்றார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிடுவீங்கன்னு பயம். டைப்பிஸ்ட்டை அனுப்பினீங்களே."

"நான் எங்க அனுப்பினேன்? கம்ப்யூட்டர் வெளிச்சம் கண்ணுக்கு ஆகலை, எனக்கு அங்க குடுங்கன்னு அவங்களா கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்." தலைமையாசிரியை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அப்போ இந்த போன்?"

"நான்தான் பிடுங்கிவிட்டேன்."

"மூணு தடவை ஆளைக் கூப்பிட்டு லைனை மாத்தினேனே!"

"தெரியும்."

"அலாரத்தோட சேர்ந்து எரியற மாதிரி ஒரு சிவப்பு லைட்டை உங்க கவுண்டர் எதிர்ல மாட்டினா முடிஞ்சுது. எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. அரை நாள்! இதுக்குப் போயா ஆறு வருஷம்?"

"அப்படி ஒரு லைட் இருக்குன்னு யாராவது சொல்லியிருக்கலாமே!"

"நீங்க காது கேக்கலைன்னு சொன்னாத்தானேம்மா நான் லைட்டைப் பத்திச் சொல்ல முடியும்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லைப்ரரியம்மாவுக்கு அழுகை வந்தது. ஸ்டோர் ரூம் போய்விட்டதே என்ற நிம்மதியா, ஆறு வருஷத்தை இப்படித் தானே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினோமே என்ற ஆத்திரமா, அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆத்திரம்தான் கொஞ்சம் அதிகம்.

மறுநாள் காலை டைரக்டர் பெண் கவுண்டருக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தால், லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

"மிஸ், இது ஒத்திகையில எடுத்தது. யார் யார் பாடலைன்னு சொல்லுங்க."

"முதல்ல நேத்துப் பேசினதுக்கு ஒரு சாரி சொல்லு."

"சாரி மிஸ். ரொம்ப சாரி. இப்ப சொல்லுங்க."

சொன்னார். மூன்று மணி நேரம் உட்கார்ந்து வகுப்பு வகுப்பாகப் பிடித்துக் கொடுத்தார். ஷூ, பசி, வேதியியல் எல்லாம் வெளியே வந்தது. மைதானத்தில் ஒருத்தி தன் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் நின்ற தமிழ் ஐயா வேறு ஏதோ பழைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். அவரையும் விடவில்லை. அடுத்த வாரம் மறுபடி எடுத்தபோது நெட்டையன் வரியை மறக்கவில்லை. இருபத்தொன்பது பேரையும் கவுண்டர் பக்கமே திருப்பி நிற்க வைத்தாள் டைரக்டர். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து மூன்று தடவை வீடியோவைப் பார்த்துவிட்டு, "பலூன் கலர் சரியில்ல அண்ணி" என்றாள். வேறு குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்கப்புறமும் எரிச்சலுக்குக் குறைவில்லை. விஷயம் தெரிந்ததிலிருந்து ஆளாளுக்குக் குழந்தைக்குச் சொல்வதுபோல வாயை ஒரு முழத்துக்குத் திறந்து, "வ... ண... க்... க... ம்... மி... ஸ்" என்று இழுக்க ஆரம்பித்தார்கள். அப்படிக் கோணினால் உதட்டில் எழுத்தே நிற்காது. "சாதாரணமாப் பேசுங்களேன், அடப் பாவிங்களா!" என்று அவர் கத்தக் கத்த, வாய்கள் இன்னும் அகலமாயின.

சிவப்பு விளக்கு மாட்ட எலக்ட்ரீஷியன் வந்தது ஒரு புதன்கிழமை. ஏணியில் ஏறிச் சுவரைத் துளைத்தார். சுண்ணாம்புத் தூள் அத்தனையும், போன மாதம்தான் பைண்டிங் முடிந்து வந்த கலைக்களஞ்சியத்தின் மேல் கொட்டியது.

"ஐயோ, என்னங்க இது! நிறுத்துங்க! கீழ புக் இருக்கறது தெரியல?"

எலக்ட்ரீஷியன் சுவரைப் பார்த்தபடி துளைத்துக்கொண்டே இருந்தார். கழுத்து அசைந்ததிலிருந்து ஏதோ பதில் சொல்கிறார் என்று தெரிந்தது. சுவரிடம் சொன்னார்போல. லைப்ரரியம்மாவுக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. போய் ஏணியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க! எனக்குக் காது கேக்காது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், மேசைகளில் பிள்ளைகள் நிறைந்திருக்க, இவ்வளவு சத்தமாக.

எலக்ட்ரீஷியன் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு படி இறங்கி, முகத்தைத் திருப்பினார்.

"புக்கு மேல ஒரு துணி போட்டு மூடுங்கம்மான்னு வந்ததுலேருந்து மூணு தடவை சொல்லிட்டேன்" என்றார்.

லைப்ரரியம்மா துணி எடுத்துவரப் போனார்.